கேரவன் டிரெய்லரின் கழிவு ஹோஸ்: எதை வாங்குவது, எப்படி வைத்திருப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில், முட்டத்துக்குப் பக்கத்தில், கடல் இரைச்சல் காதில் விழும் தூரத்தில் எங்களுக்கு ஒரு தென்னை விளை இருக்கிறது. அதில் ஒரு கேரவன் டிரெய்லர், அதாவது கட்டிலும் அடுப்பும் கழிப்பறையும் உள்ள, வண்டியில் கட்டி இழுக்கும் சின்ன வீடு, நிற்கிறது. நாகர்கோவிலில் பாடி கட்டியது. கழிவு வால்வும் முனைகளும் மட்டும் அமெரிக்க அளவு, வெளிநாட்டில் வேலை பார்க்கும் தம்பி கொண்டுவந்தவை. வருகிறவர்கள் கட்டிலைப் பார்ப்பார்கள், அடுப்பைப் பார்ப்பார்கள், கடைசியில் குரலைத் தாழ்த்தி, "கக்கூஸ் தண்ணி எங்க போகுது?" என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு கிணறு. கிணற்றிலிருந்து இருபது எட்டு வைத்தால் செப்டிக் டேங்க். இரண்டுக்கும் நடுவே நீங்கள் ஒரு ஹோஸை இழுத்துப் போடுகிறீர்கள் என்றால், அதில் ஒரு சொட்டுகூடக் கசியக் கூடாது. கீழே எழுதியிருப்பது எல்லாம் அந்த ஒரு சொட்டைப் பற்றித்தான்.

இந்த ஹோஸுக்கு வேலை என்ன?

டிரெய்லரின் அடியில் பொதுவாக இரண்டு தொட்டிகள் இருக்கும். கழிப்பறைக் கழிவு ஒன்றில் சேரும். குளித்த தண்ணீர், பாத்திரம் கழுவிய தண்ணீர் எல்லாம் மற்றதில் சேரும். இரண்டுக்கும் தனித்தனி வால்வு உண்டு, ஆனால் வெளியே வரும் வாய் பெரும்பாலும் ஒன்றுதான். அந்த வாயில் ஹோஸின் ஒரு முனையை மாட்டி, மறுமுனையைச் செப்டிக் டேங்கின் குழாயில் வைத்து வால்வை இழுத்தால் கழிவு தானாக இறங்கும். மோட்டார் கிடையாது, சரிவுதான் எல்லாம் செய்கிறது.

எல்லா வண்டிக்கும் இது வேண்டுமா?

வேண்டாம். ஐரோப்பிய வண்டிகளில் பெரும்பாலும் பெட்டி மாதிரி வெளியே உருவி எடுக்கும் கழிவுத் தொட்டி இருக்கும். தெட்ஃபோர்ட் போன்ற நிறுவனங்கள் செய்வது. அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கழிப்பறையில் கொட்டிவிடலாம். அப்படிப்பட்ட வண்டிக்கு, குளித்த தண்ணீர் போக ஒரு மெல்லிய ஹோஸ் போதும். அடியில் நிரந்தரத் தொட்டி இருந்தால்தான் இந்தப் பக்கத்தில் உள்ள மற்றவை உங்களுக்கு.

எத்தனை இஞ்ச் வாங்க வேண்டும்?

3 இஞ்ச். அமெரிக்க அளவு வண்டிகளில் இதுதான் வழக்கம். வண்டியின் வாயில் நாலு சிறிய முளைகள் துருத்திக்கொண்டிருக்கும். ஹோஸ் முனையில் கொக்கி போன்ற காதுகள் இருக்கும். முளையில் காதை வைத்துத் திருகினால் பூட்டிக்கொள்ளும். திருகியதும் கையை எடுத்துவிடாமல் ஒருமுறை பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். காது பாதி மட்டும் ஏறியிருந்தாலும் பார்வைக்குப் பூட்டியது போலவே இருக்கும், வால்வைத் திறந்த பிறகுதான் தெரியும்.

கனம் எவ்வளவு இருக்க வேண்டும்?

விலை வித்தியாசம் எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஹோஸின் சுவர்க் கனத்தை மில் என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு மில் என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மலிவானவை 15 மில் அளவில் இருக்கும், அதாவது 0.38 மில்லிமீட்டர். நல்லவை 23 மில், கிட்டத்தட்ட 0.58 மில்லிமீட்டர். காம்கோ நிறுவனத்தின் ரைனோஃப்ளெக்ஸ் இந்த 23 மில் வகை, உள்ளே இரும்புக் கம்பிச் சுருள் ஓடும்.

எண்ணைப் பார்த்தால் அற்ப வித்தியாசம்தானே என்று தோன்றும். கையில் எடுத்துப் பாருங்கள். மெல்லியதை விரலால் அமுக்கினால் இரண்டு கம்பிகளுக்கு நடுவே பாலித்தீன் பை போல உள்ளே போகும். கனமானது திருப்பித் தள்ளும். மடிப்பில் தேய்வதும், தரையில் இழுக்கும்போது கீறுவதும் அந்த மெல்லிய இடத்தில்தான். வெறும் வினைலைவிட, ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்த தன்மையுள்ள பொருளில் செய்தவை வெயிலையும் மடிப்பையும் நன்றாகத் தாங்கும். வண்டியில் எதில் மிச்சம் பிடித்தாலும் பிடியுங்கள், இதில் வேண்டாம்.

நம்மூர் ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 3 இஞ்ச் மோட்டார் சக்‌ஷன் ஹோஸ் போதாதா?

மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் வயல்மோட்டார் பொருள் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும் பிவிசி சக்‌ஷன் ஹோஸைத்தான் கேட்கிறீர்கள். கனம் நிறைய. உட்புறம் வழவழப்பாக இருப்பதால் கழிவு ஒட்டாமல் போகும். அந்த வகையில் அது நல்ல பொருள்தான். ஆனால் சுருக்கி வைக்க முடியாது. 15 அடி வாங்கினால் எப்போதும் 15 அடிதான், வளையம் போட்டுத்தான் வைக்க வேண்டும். தூக்கினால் கை வலிக்கும். முனையில் மாட்டும் காது தனியாக வாங்கி, ஸ்டீல் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும்.

டிரெய்லர் நகராமல் ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் நான் அதைத்தான் சொல்வேன். ஊர் ஊராகப் போகிற வண்டிக்குச் சுருங்கும் ஹோஸ்தான் சரி.

துணி மாதிரித் தட்டையாகச் சுருட்டும் நீல டெலிவரி ஹோஸை மட்டும் இதற்குப் பயன்படுத்தாதீர்கள். தண்ணீர் நின்றதும் அது ஒட்டிக்கொள்ளும், உள்ளே கழிவு அப்படியே தங்கிவிடும், கழுவவும் முடியாது.

நீளம்?

ஒரு 15 அடியும், கூடவே இணைக்க ஒரு 10 அடியும். பெரும்பாலான நாள் 15 அடியோடு வேலை முடிந்துவிடும். ஒரே 30 அடி வாங்கி வைத்தால் அவ்வளவையும் ஒவ்வொரு முறையும் கழுவ வேண்டும். துண்டு துண்டாக நாலு வாங்கினால் ஒவ்வொரு இணைப்பும் ஒரு கசிவு வாய்.

சரிவு எவ்வளவு வேண்டும்?

அடிக்குக் கால் இஞ்ச். 15 அடிக்கு மூணே முக்கால் இஞ்ச், 20 அடிக்கு 5 இஞ்ச். சரிவைவிடத் தொய்வுதான் ஆபத்து. நடுவில் ஒரு இடத்தில் ஹோஸ் தொங்கினாலும் தண்ணீர் ஓடிப்போய்க் கட்டிகள் மட்டும் அங்கே உட்கார்ந்துவிடும். வெளிநாட்டில் இதற்கென்று துருத்தி போல விரியும் தாங்கி விற்கிறார்கள். நாங்கள் 110 மில்லிமீட்டர் பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாகக் கீறி, செங்கல்லை உயரம் குறைத்துக் குறைத்து அடுக்கி, அதன்மேல் தொட்டில் போல வைத்திருக்கிறோம். ஹோஸ் அதில் படுத்திருக்கும். எங்கள் விளையில் செம்மணல். வெறும் மணலில் போட்டால் ஹோஸ் புதைந்து தொய்வு விழும், சுவரும் தேயும். இந்தக் குழாய்த் தொட்டில் இரண்டுக்கும் மருந்து.

செப்டிக் டேங்க் வண்டியைவிட மேட்டில் இருந்தால் ஹோஸை எப்படி வைத்தாலும் ஏறாது. அதற்கு அரைத்துத் தள்ளும் பம்பு வேண்டும்.

அமெரிக்க ஹோஸ் நம் ஊர்க் குழாயில் பொருந்துமா?

நேராகப் பொருந்தாது. அங்கே கழிவு வாங்கும் குழாயில் மரை இருக்கும், ஹோஸின் கடைசியில் மாட்டும் வளைந்த துண்டான எல்போவில் அதற்கேற்ற மரை இருக்கும். நம் ஊரில் 110 மில்லிமீட்டர் பிவிசி, மரை இல்லை. எல்போவைச் சுற்றி வடை போன்ற ஒரு ரப்பர் வளையம் போட்டு அழுத்தினால் பிடித்துக்கொள்ளும். நான் செய்தது: செப்டிக் டேங்குக்குப் போகும் 110 குழாயில் ஒரு டீ (T வடிவ இணைப்பு) வைத்து, தரைக்கு மேல் அரை அடி நிமிர்த்தி, திருகு மூடி போட்டுவிட்டேன். சுற்றிலும் இரண்டு அடிக்குக் காங்கிரீட். எங்கேயாவது ஒரு கரண்டி சிந்தினாலும் மணலில் இறங்காது, கழுவி உள்ளேயே விட்டுவிடலாம்.

எல்போ வாங்கும்போது கண்ணாடி போல ஊடுருவித் தெரிவதை வாங்குங்கள். கழிவு வருகிறதா, தெளிந்துவிட்டதா என்பதைப் பார்த்துத்தானே வால்வை மூட வேண்டும்!

ஓடையிலோ குளத்துக்குப் போகும் வாய்க்காலிலோ ஹோஸை விடலாமா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். கூடாது. கோதையாறு கால்வாய்த் தண்ணீரில் கீழே ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார்.

முனை கசியாமல் இருக்க உள்ளே போடும் வாஷருக்கு ரப்பர் ஷீட்டை வெட்டிப் போடலாமா? தேங்காயெண்ணெய் பூசலாமா?

ரப்பர் விளையும் ஊர், வீட்டில் ஷீட் இருக்கும், கை பரபரக்கும். அவசரத்துக்கு ஒருநாள் ஓட்டலாம். ஆனால் பதப்படுத்தாத இயற்கை ரப்பர் வெயிலில் ஒட்டும், பிறகு வெடிக்கும். எண்ணெய் பட்டால் உப்பும். தேங்காயெண்ணெயும் எண்ணெய்தான், வண்டிக்குப் போடும் கிரீஸும் மண்ணெண்ணெயும் அதைவிட மோசம். முனை இறுகிப்போனால் சிலிக்கோன் கிரீஸ் கொஞ்சம் தடவுங்கள். நல்ல வாஷர் இரண்டு கூடுதலாக வாங்கி வண்டியில் போட்டுவையுங்கள்.

தொட்டிகளை எந்த வரிசையில் திறப்பது?

கழிப்பறைத் தொட்டி முதலில். அது முழுக்க இறங்கியதும் வால்வை மூடிவிட்டுச் சோப்புத் தண்ணீர்த் தொட்டி. இரண்டாவது தண்ணீர் ஹோஸைப் பாதி கழுவிக் கொடுத்துவிடும்.

கழிப்பறை வால்வை எப்போதும் திறந்தே வைத்திருப்பவர்கள் உண்டு. "அப்படியே போகட்டுமே" என்பார்கள். தண்ணீர் மட்டும் போகும், மற்றது தொட்டிக்குள் குவிந்து கல்லாகும். மூடியே வையுங்கள். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பிறகு ஒரே இழுப்பில் திறந்தால் வேகத்தில் எல்லாம் அடித்துக்கொண்டு போகும். தொட்டிக்குள் நாற்றத்துக்கு ஊற்றும் மருந்தில் ஃபார்மலின் வகை இருந்தால், அது நம் செப்டிக் டேங்கில் கழிவை மக்க வைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். அட்டையைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

கழுவுவது எப்படி?

வண்டிப் பக்க முனையை முதலில் கழற்றி உயர்த்துங்கள், மறுமுனை குழாயிலேயே இருக்கட்டும். உயர்த்திய முனையிலிருந்து கைக்குக் கை மாற்றித் தூக்கிக்கொண்டே போனால் உள்ளே நிற்பது முழுவதும் இறங்கிவிடும். பிறகு அதே முனையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி மறுபடி தூக்குங்கள். கடைசி வாளியில் கொஞ்சம் பிளீச்சிங் கரைசல் சேர்க்கலாம். அதற்குப்பின் ஒரு வாளி நல்ல தண்ணீர் விட்டுவிடுங்கள், பிளீச்சிங் தங்கினால் வாஷரைத் தின்னும்.

ஆசிட் ஊற்றிக் கழுவிய இடத்தில் பிளீச்சிங் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், மூச்சு அடைக்கும். வண்டியின் அடியில் குனிந்து வேலை பார்க்கும்போது ஓடித் தப்பக்கூட இடம் இருக்காது.

ரப்பர் கையுறை கட்டாயம். அந்தக் கையுறையை இந்த வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

கழுவிய ஹோஸை எங்கே வைப்பது?

வாங்குவதைவிட இதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டேன்.

அமெரிக்க டிரெய்லர்களில் பின்பக்கம் 4 இஞ்ச் சதுர பம்பர் இருக்கும், உள்ளே வெற்றிடம். ஹோஸை அதற்குள் திணித்து மூடி போடுவது அங்கே வழக்கம். ஹோஸின் உடல் போய்விடும், முனையில் இருக்கும் பூட்டுக் காது பல வகைகளில் போகாது. இன்னொன்று, நம் ஊர் உப்புக்காற்று. ஈர ஹோஸை இரும்புப் பெட்டிக்குள் அடைத்துக் கடலோரத்தில் நிறுத்தினால் பம்பர் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். துருவின் செதில் ஹோஸைக் கீறும்.

நான் கடைசியில் வந்து நின்றது 160 மில்லிமீட்டர் பிவிசி குழாயில். 110 குழாயில் முனை மாட்டிக்கொள்ளும். 160 குழாயில் தாராளமாக நழுவும். சுருக்கிய ஹோஸின் நீளத்தைவிட ஒரு அடி கூடுதலாக வெட்டி, வண்டியின் அடியில் ஸ்டெயின்லெஸ் பட்டை போட்டுத் தொங்கவிட்டிருக்கிறேன். ஒரு முனை நிரந்தர மூடி, மறுமுனை திருகு மூடி. திருகு மூடிப் பக்கம் அரை இஞ்ச் தாழ்வு. அடிப்பக்கத்தில் சாண் இடைவெளியில் சின்னத் துளைகள், உட்புறம் கொசுவலைத் துண்டு ஒட்டியது. துளை இல்லையென்றால் ஈரம் காயாது, வலை இல்லையென்றால் நின்ற சொட்டுத் தண்ணீரில் கொசு முட்டையிடும்.

ஹோஸின் இரண்டு முனையிலும் மூடி போட்ட பிறகுதான் உள்ளே தள்ள வேண்டும். தள்ளுவதற்கு முன்னால் நிழலில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டால் நல்லது. கொடியில் குறுக்கே போடாதீர்கள், கம்பி ஒரே இடத்தில் மடிந்துவிடும். இரண்டு தென்னைக்கு நடுவே சரிவாகக் கட்டிய பழைய கீறல் குழாய் ஒன்று எங்களிடம் இதற்காகவே இருக்கிறது.

வெயிலில் காயப்போட்டால் கிருமி சாகுமே?

கிருமி சாகும், ஹோஸும் சேர்ந்து சாகும். என் முதல் ஹோஸ் மெல்லிய வகை. மோட்டார் ரூமின் ஓட்டின்மேல் மாசி, பங்குனி வெயிலில் போட்டு வைத்தேன், காய்ந்தால் நல்லது என்ற நினைப்பு. மேல்பக்கம் நிறம் வெளிறி, தொட்டால் மாவு மாதிரிக் கையில் ஒட்டியது. அப்போதும் எனக்குப் புரியவில்லை. அடுத்தமுறை வால்வை இழுத்ததும் ஹோஸின் முதுகில் மூன்று இடத்தில் ஊசிமுனை அளவு நீர் பீய்ச்சியது, முழங்கால் உயரத்துக்கு. வால்வை மூட எனக்கு ஐந்தாறு விநாடி ஆகியிருக்கும். அதற்குள் கிணற்றுத் துவைகல் வரை நனைந்துவிட்டது. அம்மா குடத்தோடு வந்து நின்று பார்த்தார்கள். ஒன்றும் சொல்லவில்லை, குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குத் தண்ணீருக்குப் போனார்கள். அந்தக் குடம் கவிழ்ந்திருந்த நான்கு நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஓட்டை இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்க்க வழி உண்டா?

இரவில் ஹோஸை முழுவதும் இழுத்து விரித்து, உள்ளே டார்ச் அடித்தபடி வெளிப்பக்கம் பாருங்கள். ஊசித் துளையும் நட்சத்திரம் போலத் தெரியும். கறுப்பு, பழுப்பு நிற ஹோஸில் இன்னும் நன்றாகத் தெரியும். பகலில் என்றால் ஒருமுனையை மூடி, நல்ல தண்ணீர் நிரப்பிக் கால் மணி நேரம் விட்டுப் பாருங்கள். கம்பிச் சுருளை ஒட்டிச் செந்நிறக் கோடு விழுந்திருந்தால், மேல்தோல் தேய்ந்து கம்பியில் உப்புக்காற்று பட்டிருக்கிறது என்று பொருள். இன்னும் ஒழுகவில்லை, சீக்கிரம் ஒழுகும்.

கிணற்றருகே சிந்திவிட்டால்?

முதலில் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதையும் சமைப்பதையும் நிறுத்துங்கள். சிந்திய மண்ணை மம்பட்டியால் ஒரு சாண் ஆழம் அள்ளி, கிணற்றிலிருந்து தள்ளிக் குழி தோண்டி மூடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள், கழுவினால் கழிவைக் கிணற்றுக்கு நீங்களே அனுப்புகிறீர்கள். மணல் பாங்கான இடத்தில் இறங்குவதற்கு நேரமே ஆகாது.

பிறகு கிணற்றை இறைத்து, ஊறிய தண்ணீருக்குக் குளோரின் போட வேண்டும். 1,000 லிட்டருக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் 2.5 கிராம் என்பது சாதாரண நாள் கணக்கு. 2 மீட்டர் விட்டமும் 3 மீட்டர் தண்ணீரும் உள்ள கிணற்றில் சுமார் 9,400 லிட்டர் இருக்கும், அதற்கு 24 கிராம் அளவு. பவுடரைக் குழைத்து, வாளித் தண்ணீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் இன்னொரு வாளியில் எடுத்துக் கிணற்றுக்குள் இறக்கி மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு மணி நேரமாவது தண்ணீரைத் தொடக் கூடாது. கழிவு கலந்திருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் இந்த அளவே போதும் என்று இருந்துவிடாதீர்கள். குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துச் சோதித்து, நல்லது என்று வந்த பிறகே குடியுங்கள்.

குடிதண்ணீர் ஹோஸையும் இதையும் ஒரே பெட்டியில் வைக்கலாமா?

ஒரே பெட்டியில் மட்டும் அல்ல, வண்டியின் ஒரே பக்கத்தில்கூட வைக்காதீர்கள். கழிவு ஹோஸின் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். தொட்டி கழுவப் பயன்படுத்தும் சின்ன ஹோஸுக்கும் சிவப்பு. வீட்டுக்கு வந்த விருந்தாளி, தெரியாமல் செடிக்கு ஊற்றவோ வாளி நிரப்பவோ எடுத்துவிடக் கூடாது.

இதைச் செய்ய ஓர் ஆளைக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாமா?

என் பதில், வேண்டாம். மனிதக் கழிவை மனிதனைக் கொண்டு கையால் அள்ளவைப்பதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. நல்ல ஹோஸும் நல்ல கையுறையும் இருந்தால் இது பத்து நிமிட வேலை. நம் வண்டி, நம் கழிவு. செப்டிக் டேங்க் நிறைந்தால் உரிமம் உள்ள உறிஞ்சு லாரியைக் கூப்பிடுங்கள், யாரையும் உள்ளே இறக்காதீர்கள்.

மழைக்காலத்தில் கூடுதலாக எதையாவது பார்க்க வேண்டுமா?

நமக்கு ஆனி, ஆடியிலும் மழை, ஐப்பசி, கார்த்திகையிலும் மழை. நிலத்தடி நீர் ஏறினால் செப்டிக் டேங்க் வாங்காமல் எதிர்த்துத் தள்ளும். திருகு மூடியைத் திறந்து உள்ளே மட்டம் பார்த்த பிறகே ஹோஸை மாட்டுங்கள்.

எப்போது மாற்றுவது? பழையதை என்ன செய்வது?

வருஷக் கணக்கு நான் வைப்பதில்லை. டார்ச் சோதனையில் ஒரு புள்ளி தெரிந்தால் அன்றே மாற்றம். டேப் ஒட்டி ஓட்டாதீர்கள், வண்டியில் எப்போதும் ஒரு புது ஹோஸ் பிரிக்காமல் இருக்கட்டும்.

பழையதை அப்படியே வெளியே போட்டால் யாராவது எடுத்துக்கொண்டு போய் மோட்டாருக்கோ தொட்டிக்கோ மாட்டிவிடுவார்கள், பார்க்க நல்ல ஹோஸாகத்தான் இருக்கும். கழுவி, பிளீச்சிங் விட்டு, காயவைத்து, வெட்டுக்கத்தியால் முழங்கை நீளத் துண்டுகளாக நறுக்கி, முனைக் காதுகளைத் தனியே கழற்றி வைத்துக்கொண்டு, மீதியை ஒரு சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் கொடுங்கள்.